இறங்கும் வழி வரையாத படம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கண்டக்டர் மலையுச்சியைத் தொட்டார். சுவரில்தான்.

கிளினிக் சுவரில் நான் வரைந்து ஒட்டியிருக்கும் மலைப்படத்தைச் சொல்கிறேன். ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன மலை, அறுநூற்றுப் பன்னிரண்டு படி. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு குண்டூசி. கீழ்த்தளத்திலிருந்து மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் கிளினிக் வரை ஐம்பத்தொரு படி. ஏறிய படிகளைக் கூட்டக் கூட்ட ஊசி மேலே நகரும். ஆரம்பத்தில் மேடம், "இதென்ன சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்றார். கிளினிக்கை நடத்துகிறவர், சொல்லலாம். இப்போது யார் வந்தாலும் முதலில் அந்தச் சுவருக்குத்தான் கூட்டிப் போகிறார். பெருமையடிப்பது போல இருக்கும். இருக்கட்டும், என் நோட்டுதானே.

கண்டக்டருக்குச் சிவப்புத் தலை ஊசி. முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் நின்றே தேய்ந்த வலது முழங்கால், ஆறு மாதத்துக்கு முன் மாற்றியது. வயது அறுபத்து மூன்று. இன்று நான்கு தடவை ஏறினார். ஒவ்வொரு தடவையும் லிஃப்ட்டில் கீழே இறக்கி, மறுபடி ஏற்றினேன். ஒருவருக்கு நாற்பது நிமிடம்தான். படியிலேயே இறங்க வைத்தால் இரண்டு சுற்றுக்கு மேல் வராது.

"படிக்கட்டுல நிக்காதீங்க, உள்ள போங்கன்னு கத்திக் கத்தியே தொண்டை போச்சு. கடைசியில பாருங்க, படிக்கட்டே கதின்னு கெடக்கேன்" என்றார். பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டை வலிக்கு மின்சாரம் வைத்துப் படுத்திருந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் ஒயர் கழன்றுவிட்டது.

ஊசியை அவரையே குத்தச் சொன்னேன். குத்திவிட்டு, "டாக்டரம்மா, நெஜ மலைக்குப் போலாமா?" என்றார்.

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று நூறு தடவை சொல்லியாயிற்று.

"தாராளமா" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

முழுத் திட்டத்தோடு வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் போனில் தேடி அச்செடுத்துக் கொடுத்த ஒரு தாள், நான்காக மடித்துச் சட்டைப் பையில். 'குறைந்த செலவில் ஒரு நாள் மலையேற்றம். புதியவர்களுக்கும் ஏற்ற மலை. ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம்.'

பஸ்ஸுக்கு அவரிடம் ஓய்வு பெற்றவர்களுக்கான பாஸ். மனைவிக்கு மட்டும் டிக்கெட். மலைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சாப்பாடும் தண்ணீரும் வீட்டிலிருந்து. "ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு ஸ்பெஷல் டூட்டிதான். அவளை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. சொல்லவே போறதில்ல, காலையில எழுப்பி, கெளம்புன்னு சொல்லப் போறேன்" என்றார். சொல்லும்போது காது மடல் சிவந்தது. அறுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு வெட்கம்.

பயிற்சி அட்டையில் 'அடுத்த இலக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. 'மலை ஏறலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அட்டையை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். ரொம்பத்தான்.

மார்ச் 8, ஞாயிறு

கண்டக்டர் இப்போது மலையில் இருப்பார். மேகமூட்டம், நடப்பதற்கு நல்ல நாள். நான் அலமாரியை ஒழித்தேன். பாதியில் உறைத்தது, அந்த மலைக்கு நான் போனதே இல்லை. படத்தைப் போனில் பார்த்து வரைந்ததுதான்.

மார்ச் 10, செவ்வாய்

பத்து இருபதுக்கு வர வேண்டியவர் வரவில்லை. 'மலையைப் பார்த்ததும் எங்களை மறந்துட்டீங்களா' என்று கேட்க வேண்டும் என நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு அவர் மனைவி கிளினிக் நம்பருக்குக் கூப்பிட்டார். இனிமேல் வர மாட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார். மாற்றிய மூட்டுக்கு மேலே, தொடை எலும்பு முறிந்திருக்கிறது. நேற்று தகடு வைத்து ஆபரேஷன் ஆகிவிட்டது.

"எப்படிம்மா" என்றேன்.

"ஏறினதெல்லாம் நல்லாத்தான் ஏறினாரு. எனக்கே மூச்சு வாங்குச்சு, அவருக்கு வாங்கல. எறங்கும்போதுதான். கால் நடுங்குது நடுங்குதுன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. ஒரு எடத்துல அப்படியே மடங்கிட்டாரு."

இறங்கும்போது.

போனை வைத்த பிறகு வேறு எதுவும் காதில் விழவில்லை. நான் அவருக்கு இறங்கச் சொல்லியே தரல. ஆறு மாசமா ஒரு தடவைகூட. வீடு தரைத்தளம். கிளினிக்கில் லிஃப்ட். ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாள் முதல் அந்த மனுஷன் பத்துப் படி சேர்ந்தாற்போல் இறங்கியதே கிடையாது.

ஏறுவது வேறு, இறங்குவது வேறு. இறங்கும்போது மடங்கிய முழங்காலில் உடம்பின் முழு பாரமும் உட்காரும், அதைத் தொடை பிடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பிடிப்பைத் தனியாகப் பழக்க வேண்டும். முதல் வருடப் பாடம். இது தெரியாமல் இல்லை. தெரிந்தே செய்யவில்லை. ஊசி மேலே போவதைப் பார்க்க எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்குத்தான் ரொம்பப் பிடித்திருந்தது.

மார்ச் 11, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்டுக் கட்டில் இருக்கிற வார்டு, ஜன்னலோரக் கட்டில். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க. நீங்களே கேளுங்க இவரை" என்றார். "நீங்க வேணாம்னு அவ்வளவு சொன்னீங்களாமே. காலையில கெளம்பும்போது, டாக்டரம்மாவைக் கேட்டீங்களான்னு கேக்குறேன், கேட்டேன், போகச் சொன்னாங்கன்னு வாய் கூசாம சொல்றாரு. விழுந்ததுக்கப்புறம்தான் உண்மை வருது. இந்த வயசுல பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லி மலை ஏறணும்னு என்ன வந்துச்சு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அந்த அம்மாள் மருந்து வாங்கக் கீழே போன பிறகுதான் வாயைத் திறந்தார். "அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டேன். கிழிக்கிறது நமக்குப் புதுசா?"

"ஏன் சார் இப்படிச் சொன்னீங்க?"

"எனக்கு ஒரு தடவை சஸ்பென்ஷன் ஆச்சு. ஒரு பொம்பளை ஓடுற பஸ்ஸுலேர்ந்து எறங்கி விழுந்துட்டா. நான்தான் விசில் கொடுத்தேன். மூணு மாசம் வீட்டுல உக்காந்திருந்தேன். அப்ப நான் பட்டது எனக்குத்தான் தெரியும். உங்களுக்கு அது வேணாம். நான் திட்டு வாங்கிப் பழகுனவன்மா, தினமும் ஆயிரம் பேர்கிட்ட வாங்கியிருக்கேன். இவகிட்டயும் வாங்கிட்டுப் போறேன்."

இல்லை, நான் சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த அம்மாள் திரும்பி வந்துவிட்டார். நான் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா. நிம்மதி. எழுதிவைக்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

மார்ச் 12, வியாழன்

மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவரே தன் வாயால சொல்லிட்டாரில்ல, அப்புறம் என்ன? அவரோட சிகிச்சை நோட்ஸ்ல மார்ச் அஞ்சாந்தேதி ஒரு வரி சேர்த்துடு. மலை ஏற வேண்டாம்னு அறிவுறுத்தப்பட்டதுன்னு."

"அது பொய் மேடம்."

"பொய்யுமில்ல, மெய்யுமில்ல. நம்ம ரெண்டு பேரையும் காப்பாத்துற ஒரு வரி." பிறகு குரலை இறக்கி, "உன்னைத்தான் யோசிக்கிறேன். நாளைக்கு அவங்க பையன் வக்கீலோட வந்தா உன் படிப்பே வீணாப் போயிடும்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 16, திங்கள்

எழுதிவிட்டேன். ஐந்தாம் தேதிப் பக்கத்தில் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதே பேனாவைத் தேடி எடுத்து எழுதினேன். கையெழுத்து கோணவே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

என் வீட்டுக்காரரிடம் சண்டை. அவர் என்ன செய்தார், பாவம். காலையில் நான் எதற்கோ பதில் சொல்லாமல் நின்றபோது, "இன்னும் அந்தக் கண்டக்டரா?" என்று கேட்டார், அவ்வளவுதான். பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன்.

அவர் வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவர். நிதானமாகச் சொன்னார்: "எங்க படிவத்துல 'உபயோகிப்பவர் தவறு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன கோளாறா இருந்தாலும் முதல்ல அதுலதான் டிக் அடிக்கச் சொல்லுவாங்க. நானும் அடிச்சிருக்கேன். உலகமே அப்படித்தான் ஓடுது. அந்த மனுஷனே உன்னைக் கரையேத்தி விட்டிருக்காரு, நீயா ஏன் போய்த் தலையைக் கொடுக்குற?"

"அது மெஷின். இது ஆளு" என்றேன்.

"மெஷினுக்கும் ஒரு வீட்டுக்காரம்மா இருப்பாங்கம்மா. அவங்களும் அழுவாங்க" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

மஞ்சள் ஊசிக்காரப் பாட்டியை இன்று படியில் இறக்கினேன். பத்துப் படிக்குள் என் கையை அப்படி இறுக்கினார், விரல் தடம் இன்னும் இருக்கிறது. "ஏறும்போது இப்படிப் பயமா இல்லையேம்மா" என்றார். நாற்பது நிமிடம் ஐம்பத்தைந்து ஆனது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கண்டக்டரின் மனைவி பழைய எக்ஸ்ரே படங்களை வாங்கக் கிளினிக்குக்கு வந்தார். இளைத்துப்போயிருந்தார். ஏன் என்று கேட்டதும் கொட்டிவிட்டார்.

மகன் வந்திருக்கிறானாம். இருவரையும் தன் ஊருக்கே கூட்டிப்போவது என்று முடிவு. இங்கே வீட்டைக் காலி செய்கிறார்கள். அங்கே ஒன்பதாவது மாடி. அப்பாவைத் தனியாக வெளியே விடுவதே இல்லை என்று மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "சொன்ன பேச்சைக் கேக்காத ஆளை எப்படிப்பா நம்பி விடுறதுன்னு அவர் முகத்துக்கு நேராவே கேக்குறான். அவரு வாயே திறக்கல. நானும் சரிதான்னுட்டேன். பொய் சொல்றவரை வேற என்ன பண்றது?"

தினமும் மாலையில் பஸ் டிப்போ வாசலுக்குப் போய்ப் பழைய ஆட்களோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவார். அதற்குத்தானே கால் வேண்டும் என்று ஆபரேஷனுக்கே ஒப்புக்கொண்டார். முதல் நாள் படிவத்தில் நானே எழுதியது.

கிளம்பும்போது அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க அவ்வளவு தூரம் சொல்லியும் கேக்கலையே. உங்களுக்குத்தான் வீண் மனக் கஷ்டம். மன்னிச்சிடுங்க."

என்னிடம் மன்னிப்பு.

சிரித்த முகமாகத் தலையாட்டினேனே, நானெல்லாம் என்ன ஜென்மம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மலைக்குப் போனேன். தனியாக. வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

அவர் போன அதே பஸ். ஐம்பது நிமிடம். பஸ் நிறையப் பிள்ளைகள், தொப்பிகள், தண்ணீர் பாட்டில்கள். அடிவாரத்தில் ஒரு பலகை: 'எளிய மலை. குடும்பத்தோடு ஏறலாம்.' கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் கையிலிருந்த சில்லறையைக் கூட்டிக் கழித்து, திரும்பும் பஸ்ஸுக்கு எடுத்துவைத்துவிட்டு மீதிக்கு வெள்ளரிக்காய் வாங்கினார்கள். சந்தோஷமான இடம். அழுது வடிந்துகொண்டு ஏறியவள் நான் ஒருத்திதான்.

ஏறுவது எளிது, உண்மையிலேயே எளிது. இருநூறாவது படிக்கு மேல் மரநிழல். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி என்னைத் தாண்டி ஓடினாள். எண்ணிக்கொண்டே ஏறினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு சரிதான். ஆனால் ஒன்று போல ஒன்று இல்லை. சில படி கணுக்கால் உயரம், சில படி முழங்கால் உயரம், விளிம்பு தேய்ந்து வழவழவென்று. நடுவில் படியே இல்லாத சரளைச் சரிவு வேறு, ஒரு நூறு அடி இருக்கும். கிளினிக் படி எல்லாம் ஏழு அங்குலம், பக்கத்தில் கைப்பிடி. இங்கே பாதி தூரத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

உச்சியில் ஊர் முழுக்கத் தெரிந்தது. எங்கள் கட்டடத்தைத் தேடினேன், அடையாளம் தெரியவில்லை. அவரும் அவர் மனைவியும் இங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருப்பார்கள். இருவரும் சேர்ந்து வெளியே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிடாமலே எழுந்தேன்.

இறங்க ஆரம்பித்து நூறு படிக்குள் என் தொடை நடுங்க ஆரம்பித்தது. எனக்கு நாற்பத்தொரு வயது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவள். எனக்கே. சரிவில் இரண்டு தடவை வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். உயரமான படி வரும்போதெல்லாம் பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி இறங்கினேன். அந்த மனுஷன் செயற்கை மூட்டை வைத்துக்கொண்டு எப்படி இறங்கினார்? பாதி தூரம் இறங்கியிருக்கிறாரே.

பாதியில் ஒரு பாறையோரம் இன்னொரு அம்மாள் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். போன மாதம் இங்கே ஒரு பெரியவர் விழுந்தாரா என்று கேட்டேன்.

"ஆமா. கண்டக்டர்னு சொன்னாங்க. ஏறும்போது எங்கிட்ட டிக்கெட் டிக்கெட்னு கிண்டல் பண்ணிட்டுப் போனாரு. எறங்கும்போது ஒரு பேச்சில்ல, மூஞ்சி வெளுத்துப்போச்சு. அந்தம்மா தோளைப் புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு படியா வந்தாரு. அதோ, அந்தப் படிதான்." பிறகு காயை நறுக்கிக்கொண்டே, "இங்க அடிபடுறவங்க எல்லாருமே எறங்கையிலதான் படுறாங்க. ஏறி யாரும் விழுந்து நான் பாக்கல" என்றார்.

வெள்ளரிக்காய் விற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மற்ற படிகளைப் போலத்தான் இருந்தது. "வழி விடுங்க ஆன்ட்டி" என்று ஒரு கூட்டம் இறங்கியது, எழுந்துகொண்டேன். அவர் பொய் சொல்லி என் வேலையைக் காப்பாற்றினார். அதற்காக ஒன்பதாவது மாடியில் காவல் இருக்கப்போகிறார். நான் அதை ஒரு வரியாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதைவிட என்ன வேண்டும்.

ஏப்ரல் 13, திங்கள்

கால் தரையில் பாவவில்லை. கிளினிக்கில் எல்லோரும் கேட்டார்கள். படியில் வழுக்கிவிட்டது என்றேன். இன்னொரு பொய்.

ஏப்ரல் 16, வியாழன்

மதியம் விடுப்புச் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் பாதிச் சாமான் பெட்டிக்குள். ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். மனைவிக்குத் தெரியாமல் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அந்த அம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அவர் பொய் சொல்லலம்மா. மலைக்குப் போகலாம்னு நான்தான் சொன்னேன். அட்டையில எழுதியும் கொடுத்தேன். எறங்குறதுக்குப் பயிற்சி கொடுக்கணும், நான் கொடுக்கல. அதனாலதான் விழுந்தாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல." வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. நோட்ஸில் நான் சேர்த்த வரியையும் சொன்னேன்.

அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். "நெஜமா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அது கெடக்குது விடு. வேலை செய்யிற புள்ள" என்றார்.

என்னை அடிப்பார், கத்துவார், வக்கீல் என்பார் என்றெல்லாம் நினைத்துப் போனேன். அந்த அம்மாள் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு வாரமா இந்த மனுஷனை நான் பேசாத பேச்சில்ல. தண்ணி கேட்டா, மலை மேல போய்க் குடிங்கன்னு சொன்னேன். வலிக்குதுன்னு முனகினா, நல்லா வலிக்கட்டும்னு சொன்னேன். புள்ளை முன்னாடி பொய்யன்னு சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தாரு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதையெல்லாம் நான் எங்க போய்த் திருப்பி எடுப்பேன், சொல்லுங்க. உங்களால எடுத்துத் தர முடியுமா?"

முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"போங்க" என்றார். வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

நோட்ஸில் அந்த வரியை அடித்து, ஏன் அடித்தேன் என்று எழுதி, இன்றைய தேதியோடு கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்" என்றார்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க மேடம்."

"ஆமா" என்றார். "சரி. இன்னையோட போதும். நாளைலேர்ந்து வராதே."

பதினோரு வருடம். டவல், செருப்பு, ஒரு கப். மலைப்படத்தைக் கிழித்தெடுத்துக்கொண்டு வந்தேன். ஊசிகளை அங்கேயே டப்பாவில் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அவர்கள் வீட்டிலிருந்து ஒன்றும் இல்லை. வக்கீல் கடிதமும் இல்லை, போனும் இல்லை. ஊரைவிட்டுப் போய்விட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை.

நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்பார்கள். பொய். எனக்கு ஆகவில்லை. அந்தப் பெண்மணிக்கு நான் உண்மையைக் கொடுத்தேனா, இன்னொரு அடி கொடுத்தேனா? பிந்திச் சொன்னதால்தானே அடி. மார்ச் பதினொன்றாம் தேதியே அந்தக் கட்டில் பக்கத்தில் சொல்லித் தொலைச்சிருந்தா அவங்க அத்தனை பேச்சு பேசியிருக்க மாட்டாங்க இல்ல? அந்த அஞ்சு வாரத்தையும் நான்தான் அவங்ககிட்டேர்ந்து பறிச்சுக்கிட்டேன்.

வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டார். போனேன்.

மே 19, செவ்வாய்

வீட்டுக்கு வீடு போய்ப் பயிற்சி கொடுக்கிறேன், இப்போதைக்கு மூன்று பேர். மூவரையும் முதல் நாளே கீழ்ப்படியில் நிறுத்தி இறங்கச் சொல்கிறேன். ஒருத்தர், "ஏறவே சொல்லித் தர மாட்டீங்களா" என்று கேட்டார்.

ஜூன் 20, சனி

தெரியாத எண். கண்டக்டரின் மகன்.

அவர்கள் போகவில்லையாம். அம்மா மறுத்துவிட்டாராம். பெட்டியை எல்லாம் பிரித்துச் சாமானை எடுத்து வைத்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது, கைத்தடியோடு நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்களாம், பயிற்சிக்கு. படி என்றால் அப்பா அசைய மாட்டேன் என்கிறாராம்.

"உங்களைத்தான் கூப்பிடச் சொல்றாரு. எனக்கு இதுல துளியும் இஷ்டமில்ல. அதையும் சொல்லிடுறேன்."

"உங்கம்மா?"

"சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல."

ஜூன் 23, செவ்வாய்

காலை ஏழு மணி. அவர்கள் தெருமுனையில் சாலையைக் கடக்க ஒரு நடைமேம்பாலம், அதன் படிகள். எல்லாம் ஒரே உயரம், இரண்டு பக்கமும் கம்பி. முதல் திருப்பம் வரை ஒன்பது படி. ஏறுவதற்கு அவருக்கு ஒன்றும் தயக்கமில்லை. மேலே போய்த் திரும்பி நின்றதும் முகம் மாறிவிட்டது.

"வேணாம்மா. லிஃப்ட் இருக்கிற எடமாப் பாத்துப் போய்க்கிறேன்" என்றார். கம்பியை விடவே இல்லை. இவரிடம் நான் ஒரு நாளும் பயத்தைப் பார்த்ததில்லை. இது நான் கொடுத்தது.

அவர் மனைவி இரண்டு படி கீழே நின்றிருந்தார். நான் வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வணக்கத்துக்குக்கூடத் திரும்பவில்லை. அவரை மட்டும் பார்த்துச் சொன்னார்: "நான் எங்கயும் போகல. மெதுவா வாங்க. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல."

வலி உள்ள கால் முதலில், என்றேன். கம்பியை ஒரு கை, என் தோளை ஒரு கை. கீழே வைத்தார். நின்றார். அடுத்த காலைக் கொண்டுவந்தார். ஒரு படிக்கு இரண்டு மூன்று நிமிடம். வேலைக்குப் போகிறவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள், ஒருத்தர் சலித்துக்கொண்டார். மூன்றாவது படியில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மனைவி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், துடைத்து முடிக்கும் வரை.

ஒன்பது படியும் இறங்கியாயிற்று. இருபத்தைந்து நிமிடம்.

கீழே வந்ததும் அவர் கைத்தடியை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பத்தடி வந்திருப்பேன்.

"இந்தாங்க" என்று பின்னாலிருந்து குரல். திரும்பினேன். அந்த அம்மாள்தான். பார்வை இன்னும் மேம்பாலத்தின் மேல்தான் இருந்தது, ஆனால் பேச்சு என்னோடு.

"நாளைக்கு ஆறு மணிக்கே வந்துடுங்க. ஏழு மணின்னா இங்க ஒரே கூட்டம்."

ஐந்துக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.